"ஒரு மீட்டர் துல்லியம்" என்று கொட்டேஷன் வந்தால் கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் ஆஸ்பத்திரி, குடோன், பெரிய ஜவுளிக்கடை நடத்துகிறவர்களுக்காக எழுதுகிறேன். "ஸ்மார்ட் பில்டிங்" என்று சொல்லிக்கொண்டு, கட்டடத்துக்குள் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியை விற்க, சென்னை நிறுவனம் ஒன்று இந்தப் பக்கம் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. பெயரைப் போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டதால் போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் எங்கள் குடும்பத்து ஆஸ்பத்திரி, நிர்வாகம் என் பொறுப்பு. மருந்தை அளவாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப், வீல்சேர், ஈசிஜி மெஷின் எல்லாம் ஒரு வார்டிலிருந்து கிளம்பினால் திரும்பி வராது. ராத்திரி டூட்டி சிஸ்டர்கள் மாடி மாடியாக ஏறித் தேடுவார்கள். ஒவ்வொன்றிலும் சிக்னல் விடும் சின்ன டேக் ஒட்டி, அந்த சிக்னலைப் பிடிக்கும் கேட்வே என்ற பெட்டியைக் கூரையில் மாட்டிவிட்டால் எந்தப் பொருள் எந்த அறையில் என்று கம்ப்யூட்டரிலேயே தெரியும், துல்லியம் ஒரு மீட்டருக்குள், பேட்டரி இரண்டு வருஷம் என்றார்கள். டெமோவும் காட்டினார்கள். எங்கே என்று கேளுங்கள். கட்டி முடித்துக் கட்டில்கூடப் போடாத மேல்மாடி ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆள் நடமாட்டமே இல்லாதபோது. விற்க வந்த ஆள் டேக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க நடக்க, திரையில் புள்ளியும் கூடவே வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மாட்டி முடித்து ஓ.பி. கூட்டம் வந்ததும் கூத்து ஆரம்பம். தரைத்தளத்து பம்ப் இரண்டாவது மாடியில் இருப்பதாகக் காட்டும், கண்ணை மூடித் திறப்பதற்குள் கேன்டீனுக்குப் போய்விடும். எங்கள் வார்டு அட்டெண்டர் பெரியவர் ஒருநாள் வந்து, "எய்யா, மெஷினு இங்கனதான் கெடக்கு, டிவியில மேலன்னு காட்டுதே, நான் எதை நம்ப?" என்று கேட்டார். போன் செய்தால், "சார், சிஸ்டம் இன்னும் கத்துக்கிட்டு இருக்கு, கொஞ்ச நாள்ல செட் ஆயிடும்" என்பார்கள். ஒவ்வொரு முறையும் இதே பதில்.

விஷயம் இதுதான். அவர்கள் மாட்டியது சாதாரண புளூடூத் பீக்கன். டேக் அவ்வப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் அனுப்பும், கேட்வே அந்த சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று பார்த்துத் தூரத்தைக் குத்துமதிப்பாகக் கணக்குப் போடும். அந்த அலைவரிசையை மனித உடம்பு நன்றாக உறிஞ்சிவிடும், காரணம் உடம்பிலுள்ள தண்ணீர். குறுக்கே பத்துப் பேர் நின்றாலே டேக் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். இரும்புக் கட்டிலும் லிப்ட் சுவரும் சிக்னலைத் திருப்பி அடிக்கும். எங்கள் எக்ஸ்ரே அறைக் கதவில் ஈயத்தகடு இருக்கிறது, அதைத் தாண்டி உருப்படியாக எதுவும் வராது. ஆனால் மாடிப்படி இருக்கும் திறந்த இடம் வழியாக மேல்மாடி கேட்வேக்கு ஜம்மென்று போய்ச் சேரும். தரைத்தளத்துப் பொருள் மேலே ஏறியது இப்படித்தான். சிக்னல் பலத்தை மட்டும் வைத்து இந்த மாதிரிக் கட்டடத்தில் சில மீட்டர் பிசகு என்பது சாதாரணம். ஒரு மீட்டருக்குள் எப்போதும் வேண்டுமென்றால் அல்ட்ரா வைட்பேண்ட் என்று தனியாக ஒன்று இருக்கிறது. சிக்னல் போய்ச் சேரும் நேரத்தை அளந்து, சரியாக மாட்டினால் 10 முதல் 30 சென்டிமீட்டர் வரைகூடச் சொல்லும், விலையும் அதற்கேற்ற மாதிரி. புளூடூத்திலேயே சிக்னல் வரும் திசையைப் பார்க்கும் வசதி 2019-இல் வந்த 5.1 பதிப்பிலிருந்து உண்டு, ஆனால் அதற்குப் பல ஆன்டெனா வைத்த தனி ரிசீவர் வேண்டும். எங்களுக்கு மாட்டியதில் அது இல்லை. துல்லியத்தை அந்த ரகத்துக்கு எழுதி, சரக்கை இந்த ரகத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

பேட்டரி கதை இன்னும் மோசம். எங்கள் பயோமெடிக்கல் தம்பி போனில் என்ஆர்எஃப் கனெக்ட் என்ற இலவச ஆப்பைப் போட்டுப் பார்த்தார். டேக் எவ்வளவு இடைவெளியில் சிக்னல் விடுகிறது என்று அதிலேயே தெரியும். டெமோ டேக் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், அது ஒரு வினாடிக்குள் பல தடவை விடுகிறது. எங்களுக்கு ஒட்டிய டேக் பத்து வினாடிக்கு ஒரு தடவை! பட்டன் பேட்டரி இரண்டு வருஷம் வர வேண்டுமென்றால் இப்படி மெதுவாகத்தான் விட முடியும், அப்புறம் திரையில் தெரிவது பழைய இடம்தான். வேகமாக வைத்துத் தாருங்கள் என்று கேட்டோம், வைத்தார்கள். சில மாதத்தில் பேட்டரிகள் வரிசையாகச் செத்தன. மாற்றுவது ஏ.எம்.சி.யில், அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், சேராதாம்.

இதோடு கேட்வேயின் பாஸ்வேர்டு கம்பெனியிலிருந்து வந்தபடியே அட்மின், அட்மின் என்று இருந்தது. நோயாளிகளின் கூட வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வைஃபையிலிருந்தே அதன் செட்டிங் பக்கம் திறந்தது. 2016-இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராவையும் ரவுட்டரையும் பிடித்தது இப்படிப்பட்ட மாற்றாத பாஸ்வேர்டு வழியாகத்தான். ஆஸ்பத்திரியில் இதை வைத்துவிட்டுப் போக எப்படி மனசு வந்ததோ.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தை அனுப்பினார்கள். பொடி எழுத்தில் "தடையில்லாத நேர்ப்பார்வையில், உகந்த சூழலில்" என்று இருக்கிறது. நோயாளியே இல்லாத ஆஸ்பத்திரிக்கு நான் எங்கே போக? அதற்குக் கீழே, வழக்கு எதுவானாலும் சென்னை நீதிமன்றத்தில்தான் என்று இன்னொரு வரி. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். 2019 சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்கினவர் பொதுவாக நுகர்வோர் கணக்கில் வரமாட்டார், சொந்தப் பிழைப்புக்குத் தொழில் செய்கிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு, எங்கள் ஆஸ்பத்திரி அதில் வராது என்று வக்கீல் சொல்லிவிட்டார். தொகை 3 லட்சத்துக்கு மேல் என்பதால் வணிக நீதிமன்றம்தானாம், அதற்கும் முன்னால் சமரசப் பேச்சு கட்டாயம். நோட்டீஸ் போயிருக்கிறது. பதிலுக்கு வந்தது அடுத்த வருஷ சந்தா பில்! கட்டாவிட்டால் கிளவுடை நிறுத்துவார்களாம். நிறுத்தினால் கூரையிலுள்ள கேட்வே அத்தனையும் வெறும் பெட்டி, சர்வர் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

உங்களிடமும் அந்த ஆள் வந்தால், டெமோவை ஓ.பி. நேரத்தில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, உங்கள் பொருளில் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். எந்தத் தொழில்நுட்பம், டேக் எத்தனை வினாடிக்கு ஒரு முறை சிக்னல் விடும், அந்த வேகத்தில் பேட்டரி எவ்வளவு நாள், மூன்றையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தையாவது அந்தச் சோதனை தேறிய பிறகு என்று வையுங்கள். சந்தா நின்றாலும் உள்ளூர் சர்வரில் ஓடுமா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார், கவனியுங்கள். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் இப்போது பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அங்கே யாருக்காவது தெரிந்தவர்கள் இருந்தால் இதை அனுப்பிவிடுங்கள்.