ஏ.பி. தேர்வா, கல்லூரிப் பாடமா: அரசுப் பணம் எதை வாங்கித் தருகிறது?

எங்கள் வீட்டில் இரண்டையும் பார்த்தாகிவிட்டது. பெரியவன் பதினோராம் கிரேடில் நான்கு ஏ.பி. தேர்வு எழுதினான். ஏ.பி. என்றால் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்: அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடக்கும் பாடமும் அதன் முடிவில் வரும் தேர்வும். தேர்வு மே மாதத்தில்தான். ஆனால் பதிவு நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடும், பணத்தையும் அப்போதே கட்டச் சொன்னார்கள். நான்குக்கும் சேர்த்து நானூறு டாலரை ஒட்டி வந்தது. கட்டினோம். அவனோடு ஏ.பி. வேதியியல் படித்த ஒரு பையன், வருடம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத் தேர்வுக்குப் பதிவே செய்யவில்லை. வீட்டில் கேட்கவே கூச்சமாக இருந்தது என்று பிறகு இவனிடம் சொல்லியிருக்கிறான்.

சின்னவள் அதே பள்ளியில் படித்துக்கொண்டே, ஓஹாயோ மாநிலத்தின் காலேஜ் கிரெடிட் பிளஸ் திட்டத்தில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு பாடம் எடுத்தாள். கட்டணம் கிடையாது. புத்தகத்துக்கும், ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டே பணம் கொடுத்தது. ஹைஸ்கூல் பிள்ளைக்குக் கல்லூரி கிரெடிட், அதாவது பிறகு பட்டப் படிப்பில் கணக்கில் சேரும் பாட அலகு, என்ற ஒரே பொருளுக்கு இரண்டு வழி. இரண்டிலும் அரசுப் பணம் உண்டு. ஆனால் அந்தப் பணம் எதை வாங்குகிறது, தவறிப்போனால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் வித்தியாசம் நிறைய.

முதலில் ஏ.பி. காலேஜ் போர்டு என்ற லாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது. 1950களின் நடுவில் தொடங்கியது. மதிப்பெண் 1 முதல் 5 வரை. பொதுவாக 3 வாங்கினால் தேறியதாகக் கணக்கு. பாடம் நடத்துவது உங்கள் பள்ளி ஆசிரியர். அந்தச் செலவு ஏற்கெனவே பள்ளி நிதியில் இருக்கிறது. ஆக, தனியாகப் பணம் கேட்பது தேர்வு மட்டும்தான்: 2025இல் ஒரு தேர்வுக்கு 99 டாலர். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் காலேஜ் போர்டு 37 டாலர் குறைக்கிறது. மிச்சத்துக்கு முன்பு தனி ஃபெடரல் திட்டம் ஒன்று இருந்தது. 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட கல்விச் சட்டம் அதை ஒரு பொது மானியத்துக்குள் கரைத்துவிட்டது. அந்தப் பணத்தைத் தேர்வுக்கும் செலவழிக்கலாம், கணினிக்கும் செலவழிக்கலாம், மாணவர் மனநல ஆலோசனைக்கும் செலவழிக்கலாம். அதன்பிறகு இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் கதையாகிவிட்டது.

வடக்கு கரோலினா 2014-15 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் ஏ.பி. கட்டணத்தைத் தானே கட்டுகிறது. வருமானச் சான்று, விண்ணப்பம் எதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். ஃப்ளோரிடா கட்டணத்தையும் கட்டிவிட்டு, இன்னொன்றும் செய்தது: ஒரு பிள்ளை 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால், ஒரு முழு மாணவருக்கான நிதியில் 0.16 பங்கைக் கூடுதலாகத் தரும் கணக்கைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. ஆசிரியருக்கும் தேறிய பிள்ளை ஒன்றுக்கு 50 டாலர். பள்ளிகள் ஏ.பி. வகுப்புகளைத் திறக்க இது நல்ல தூண்டுதல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணம் தேர்ச்சிக்குப் பின்னால் போகிறது. பிள்ளைகள் ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பள்ளிக்கு அது எளிதில் வந்து சேரும். முதல் முறையாக ஏ.பி. தொடங்கும் பள்ளிக்குச் சில வருடம் கையைக் கடிக்கும்.

இப்போது கல்லூரிப் பாடம். பொதுப் பெயர் டூயல் என்ரோல்மென்ட். 1985இல் மின்னசோட்டா தொடங்கிவைத்த வழி. வாஷிங்டன் மாநிலத்தின் ரன்னிங் ஸ்டார்ட் 1990இல் வந்த சட்டம். டெக்சஸ் 2023இல் ஏழைப் பிள்ளைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் கட்டணத்தை எடுத்துவிட்டது. ஓஹாயோவின் திட்டம் 2015-16இல் தொடங்கியது. ஏழாம் கிரேடு முதல் பன்னிரண்டு வரை சேரலாம், வருடத்துக்கு 30 கிரெடிட் வரை எடுக்கலாம்.

எங்கள் மாநிலத்தில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு மாநிலம் தரும் தொகையிலிருந்து பிடித்துக் கல்லூரிக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளை கல்லூரி வளாகத்துக்குப் போய்ப் படித்தால் ஒரு கிரெடிட்டுக்கு உச்ச விலை. அதே பாடத்தைப் பள்ளியிலேயே, பள்ளி ஆசிரியரே நடத்தினால் அந்த உச்ச விலையில் கால் பங்கு வரை இறங்கலாம். அதாவது உங்கள் பிள்ளை வளாகத்துக்குப் போகும் ஒவ்வொரு பாடத்துக்கும் பள்ளி பணம் இழக்கிறது, ஏ.பி. வகுப்பில் உட்கார்ந்தால் இழப்பதில்லை. இந்தத் திட்டத்தைப் பற்றி ஆண்டுதோறும் குடும்பங்களுக்குத் தகவல் சொல்வது பள்ளியின் கடமை. எங்களுக்கு வந்தது, படிவம் கொடுக்கச் சில நாள் இருக்கும்போது, நீண்ட மின்னஞ்சல் ஒன்றின் அடியில் ஒரு வரி. பிள்ளைகளுக்குப் பாடத் தேர்வில் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பணம் ஓடும் பாதை அப்படி இருக்கிறது.

சரி, ஃபெயில் ஆனால்? ஏ.பி.யில் 1 வாங்கினால் அந்த மதிப்பெண்ணை அனுப்பாமல் விட்டுவிடலாம். 99 டாலரும் ஒரு மே மாதக் காலையும் போனதோடு சரி. கல்லூரிப் பாடத்தில் வாங்கும் எஃப், அந்தக் கல்லூரியின் நிரந்தரப் பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு எதிரே நிற்கும். நம்மவர்கள் பலர் மருத்துவக் கனவோடு இருக்கிறோம். மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில், பதினைந்து வயதில் எடுத்த கல்லூரிப் பாடமும் ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண்ணில் சேரும். போதாக்குறைக்கு ஓஹாயோவில் ஃபெயில் ஆன பாடத்துக்கான பணத்தை டிஸ்ட்ரிக்ட் குடும்பத்திடம் திருப்பிக் கேட்கலாம். ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இலவசம் என்று கேட்டதும் கையெழுத்துப் போடும் பெற்றோருக்கு இதை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. ஏ.பி.யில் வருடம் முழுவதன் உழைப்பும் ஒரே தேர்வில் தொங்குகிறது. அன்று காய்ச்சல் அடித்தால் போச்சு. அந்த அளவுகோலும் அசையாதது என்று சொல்ல முடியாது: ஏ.பி. அமெரிக்க வரலாற்றில் 2023இல் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் பாதிக்கும் குறைவு, மதிப்பிடும் முறையை மாற்றியபின் 2024இல் 72 விழுக்காடு. கல்லூரிப் பாடத்தில் வாராவாரம் எழுதும் கட்டுரை, வினாடி வினா, இறுதித் தேர்வு எல்லாம் சேர்ந்து ஒரு மதிப்பெண். நிதானமாகப் படிக்கும் பிள்ளைக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. எங்கள் சின்னவள் அந்த ரகம்.

கிரெடிட் எங்கே செல்லும் என்பதில் சுருக்கமாக இவ்வளவு: ஓஹாயோவின் அரசுக் கல்லூரிகள் 2009 முதல் ஏ.பி. 3க்குக் கிரெடிட் தரக் கடமைப்பட்டவை. பொதுக் கல்விப் பாடங்களுக்கான கல்லூரி கிரெடிட்டும் அவற்றுக்குள் உறுதியாக மாறும். மாநிலம் தாண்டினால் ஏ.பி.க்குத்தான் அடையாளம் அதிகம். பெரிய தனியார் கல்லூரிகளில் இரண்டுமே சந்தேகம். டார்ட்மவுத் 2014இல் சேர்ந்தவர்கள் முதல் ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது.

என்னைக் கேட்டால், ஏ.பி. கட்டணத்தை எல்லா மாநிலங்களும் வடக்கு கரோலினா போல எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டிவிட வேண்டும். ஆசிரியருக்கும் வகுப்பறைக்கும் வருடம் முழுக்கச் செலவழித்துவிட்டு, கடைசி 99 டாலரில் ஒரு பிள்ளையை நிறுத்துவது எந்தக் கணக்கிலும் சேராது. அந்த வேதியியல் பையனை என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் புதிதாகப் பெரிய பணம் ஒதுக்குவதென்றால் கல்லூரிப் பாடத்துக்குத்தான் போக வேண்டும், அதுவும் கட்டணத்தைத் தாண்டி. வளாகத்துக்குப் போய்வருவது பொதுவாகக் குடும்பத்தின் பொறுப்பு. மதியம் ஒரு மணிக்குக் கார் ஓட்ட ஆளில்லாத வீட்டுக்கு இலவசப் பாடம் எட்டாத பாடம்தான். பள்ளியிலேயே நடத்தலாம் என்றால், ஆசிரியருக்கு முதுகலைப் பட்டமும் அந்தப் பாடத்தில் 18 கிரெடிட் மேற்படிப்பும் வேண்டும் என்பது வழக்கமான தகுதி. கிராமத்துப் பள்ளிகளில் அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம். இருக்கும் ஆசிரியரை மேலே படிக்க வைக்கவும், வேன் விடவும், முதல் ஆறு வாரம் பிள்ளையைக் கவனிக்க ஒரு ஆளை வைக்கவும் பணம் வேண்டும்.

ஏப்ரல் 1க்குள் படிவம் கொடுக்க வேண்டும். சின்னவள் அடுத்த வருடத்துக்கு ஆங்கிலக் கட்டுரையும் புள்ளியியலும் கல்லூரியில் எடுக்கிறாள். கால்குலஸ் மட்டும் பள்ளியில் ஏ.பி.யாக. வெளிமாநிலத்தில் இன்ஜினியரிங் கிடைத்தால் அது கைகொடுக்கும் என்று அவளே போட்ட கணக்கு.