வீதியா, அவையா: 2003 ஈராக் போரை எதிர்த்த இரு வழிகள்

அரசு போருக்குக் காரணங்களை அடுக்கும்போது வீதியில் இறங்குவதா, நாடாளுமன்ற அவைக்குள்ளிருந்தே மறுப்பதா என்று தயங்குவோர், 2003இல் பிரிட்டனில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

இழப்பு
வீதி: பிப்ரவரி 15 அன்று லண்டன் குளிரில் ஹைட் பார்க் வரை நடந்தவர்களுக்கு ஒரு சனிக்கிழமை.
அவை: ராபின் குக்குக்கு அமைச்சர் பதவி, மார்ச் 17 அன்று விலகினார்.

எளிமை
வீதி: யாரும் வரலாம். காவல்துறைக் கணக்கிலேயே 7,50,000 பேர்.
அவை: உறுப்பினருக்கு மட்டும்.

வாதத்தின் கூர்மை
இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். கூட்டம் ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்லும். ஆனால் அரசின் ஆதாரத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட அதனால் இயலாது. முன்பு வெளியுறவு அமைச்சராக இருந்த குக், பதவியில்லாத உறுப்பினர்கள் அமரும் பின்வரிசையில் எழுந்து நின்று, பொதுவாகப் புரிந்துகொள்ளப்படும் பொருளில் போருக்கு அரசு காட்டிய காரணமான பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கிடம் அநேகமாக இல்லை என்றபோது, உறுப்பினர்கள் அவை மரபை மீறிக் கைதட்டினார்கள்.

விளைவு
இரண்டுமே போரைத் தடுக்கவில்லை. மறுநாள் வாக்கெடுப்பில் அரசு 412–149 என வென்றது. 20ஆம் தேதி படையெடுப்பு தொடங்கியது. எனினும், அமைதி வழிகள் தீரும் முன்பே போருக்குச் சென்றார்கள் என்று 2016இல், இப்போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்த சில்காட் விசாரணை அறிக்கை கூறியது. அதற்கு முன்பே, 2013 ஆகஸ்டில், சிரியா மீதான நடவடிக்கைக்கு ஆதரவு கேட்ட அரசை அதே அவை 285–272 எனத் தோற்கடித்திருந்தது.

மக்களின் மறுப்பு எவ்வளவு பெரிது என்று காட்ட வேண்டுமானால் வீதியே பொருந்தும். அரசின் கோப்புகளைப் படித்து அதன் ஓட்டையை அறிந்தவர், பதவி போனாலும் அவையில் எழுந்து பேசத்தான் வேண்டும்.