ஜோதி ஓட்டத்துக்கும் டெஸ்டினேஷன் கல்யாணத்துக்கும் ஒரே கேமரா பை: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

செஸ் ஒலிம்பியாடுக்கு முதன்முதலாக ஜோதி ஓட்டம் நடந்தது 2022-ல். ஜூன் 19 அன்று டெல்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கில் தொடங்கி, லே, ஸ்ரீநகர், ஜெய்ப்பூர், சூரத், காங்டாக், போர்ட் பிளேர், கன்னியாகுமரி என்று 40 நாளில் 75 நகரங்களைத் தொட்டு மாமல்லபுரத்துக்கு வந்தது. கணக்குப் போட்டால் நாளுக்கு ஏறக்குறைய இரண்டு ஊர். தொடங்கியது ஆனி மாதம், கல்யாண சீசனும்கூட. இப்படி ஓர் ஓட்டத்தில் சில நாள் படம் எடுத்துவிட்டு அப்படியே கோவாவிலோ ஈசிஆர் ரிசார்ட்டிலோ கல்யாணத்தில் இறங்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் தனித்தனி செட் வாங்குவது கட்டுப்படியாகாது. ஒரே பைதான் இரண்டுக்கும் உழைக்க வேண்டும்.

பையில் இருப்பவை: சோனி ஏ7 மார்க் 4 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) இரண்டு, ஜிஎம் என்ற சோனியின் உயர்தர லென்ஸ் வரிசையில் 24-70 மிமீ இரண்டாம் பதிப்பு, 70-200 மிமீ இரண்டாம் பதிப்பு, கூடவே 35 மிமீ எஃப் 1.8 லென்ஸ். பேட்டரி, கார்டு போட்ட பாடி ஒன்று 658 கிராம். லென்ஸ்கள் முறையே 695, 1045, 280 கிராம். கூட்டினால் 3 கிலோ 336 கிராம். உதிரி பேட்டரி ஆறு, லேப்டாப், பையின் சொந்த எடை எல்லாம் சேரும்போது உள்நாட்டு விமானத்தின் 7 கிலோ கேபின் வரம்பைத் தொட்டுவிடும். அதனால் ஃபிளாஷ், ஸ்டாண்ட், சார்ஜர் எல்லாம் செக்-இன் பெட்டிக்குப் போகும். உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்க்கும் மட்டும் செக்-இன்னில் போகக் கூடாது, கையோடுதான் வர வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-அவர், 100 வாட்-அவர் வரம்புக்குள் அடங்கும். பேட்டரி முனைகளில் மூடி போட்டு வையுங்கள், மூடி தொலைந்திருந்தால் டேப் ஒட்டுங்கள்.

இந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம்: கல்யாணத்தில் ஒளிந்திருக்கும் குறை ஓட்டத்தில் வெளியே வரும், ஓட்டத்தில் தெரியாதது கல்யாணத்தில் வரும். சென்சார் தூசியைப் பாருங்கள். மண்டபத்தில் லென்ஸ் துவாரத்தை அகலத் திறந்து எஃப் 2-ல் எடுத்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாது. அதே பாடியில் வெயிலில் துவாரத்தை எஃப் 8-க்குச் சுருக்கினால் வானம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. ஓட்டத்துக்கு முந்தின இரவு எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பார்த்து, பிளோயரால் ஊதிவிடுவது கட்டாயம். வாயால் ஊதினால் எச்சில் துளி ஒட்டும், பிறகு சென்சார் துடைக்கும் ஸ்வாப் இல்லாமல் போகாது.

ஓட்டத்தில் எல்லாம் கைமாறும் நொடியில் இருக்கிறது. டெல்லியில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் ஆர்காடி த்வோர்கோவிச் ஜோதியைப் பிரதமரிடம் கொடுக்க, அவர் விஸ்வநாதன் ஆனந்திடம் கொடுத்தார். ஊருக்கு ஊர் அந்தந்த மாநிலத்து கிராண்ட்மாஸ்டர்கள் வாங்கிக்கொள்வதுதான் ஏற்பாடு. இப்படி இரண்டு பேர் கையும் ஜோதியில் இருப்பது இரண்டு மூன்று நொடிதான், சுற்றிலும் பிரமுகர் கூட்டம். அங்கே 70-200 உதவாது. முன்னால் போகும் வண்டியில் இடம் கிடைத்தால் மட்டுமே அதற்கு வேலை. 24-70-ஐ 28-லிருந்து 35 மிமீக்குள் வைத்து, ஷட்டர் வேகம் நடைக்கு 1/500 நொடி, ஓட்டத்துக்கு 1/1000. பின்பக்கமாக நடந்துகொண்டே எடுப்பதால் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். நடைபாதை விளிம்பில் தடுக்கி விழுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

காலை 11 மணி வெயிலில் தொப்பி போட்டவரின் கண் படத்தில் இருட்டாகிவிடும். வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷை வேலை செய்ய வைக்கும் ஹை-ஸ்பீட் சிங்க் போட்டு, ஃபிளாஷை ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதி) குறைத்துக் கொடுத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இந்த பாடி நொடிக்கு 10 படம் எடுக்கும் என்பது, ராவில் (கேமராவின் பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுக்கும்போது தரம் கொஞ்சம் இழந்து சுருக்கும் கம்ப்ரஸ்டு வகைக்கு மட்டும். தரம் இழக்காமல் சுருக்கும் லாஸ்லெஸ் ராவில் வேகம் ஏறக்குறைய 6-க்கு இறங்கும். ஓட்டத்துக்கு கம்ப்ரஸ்டு, கல்யாணத்துக்கு லாஸ்லெஸ் என்று மெமரி டயலில் தனித்தனியாகச் சேமித்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு வந்தால் முதல் எதிரி ஏசி. கடற்கரை ரிசார்ட்டில் வெளிக்காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரிக்கு அருகில் இருக்கும், அறை 20-ல் ஓடும். அறையில் குளிர்ந்த லென்ஸை அப்படியே வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் பூக்கும், தெளிய 20, 30 நிமிடம் ஆகும். முகூர்த்தம் விடியற்காலை 4.30-க்கு என்றால் அந்த அரை மணி நேரம் கிடைக்காது. பையை ஜிப் மூடியபடி ஒரு மணி நேரம் முன்பே பால்கனிக்கு மாற்றுங்கள். துணியால் துடைத்துப் பயனில்லை, கண்ணாடி சூடாகும்வரை மறுபடி மறுபடி பூக்கும். டிசம்பர் உதய்ப்பூரில் காற்று வறண்டிருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது.

அட்சதையைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கெட்டிமேளம் கொட்டியதும் நாலா பக்கமிருந்தும் வந்து விழும். மஞ்சள் தடவிய அரிசி, கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட்-ஷூவின் தண்டவாளத்தில் சிக்கி நொறுங்கும், அந்தப் பொடி தொடர்பு முனைகளில் படிந்தால் ஃபிளாஷ் விட்டு விட்டுத்தான் வெடிக்கும். ஃபிளாஷ் போடாத பாடியின் ஹாட்-ஷூவுக்கு ஒரு துண்டு கேஃபர் டேப் (உரித்தால் பசை தங்காத துணி டேப்) போதும். ஃபிளாஷ் போட்ட பாடியை அன்று இரவே மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். ஹல்தி மஞ்சள் கிரிப் ரப்பரில் கறையாகத் தங்கிவிடும், அது அழகுக் குறை மட்டுமே.

தாலி கட்டும்போது சைலண்ட் ஷட்டர் வேண்டாம். மேளச் சத்தத்தில் ஷட்டர் ஒலி யாருக்கும் கேட்காது. சைலண்ட் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர்தான், அதில் இந்த சென்சார் மெதுவாகப் படிப்பதால் எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை விழும், அசையும் கையும் சாய்ந்து தெரியும். மெக்கானிக்கல் ஷட்டர், 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். அதனால் 1/100-லும் 1/50-லும் பட்டை மறையும்.

சங்கீத் மேடையில் லேசர் இருக்கிறதா என்று டிஜேவிடம் முன்கூட்டியே கேளுங்கள். கதிர் நேராக லென்ஸுக்குள் வந்தால் சென்சாரில் நிரந்தரக் கோடு விழும். மிரர்லெஸ்ஸில் சென்சார் எப்போதும் திறந்தே இருப்பதால் படம் எடுக்காத நேரத்திலும் ஆபத்துதான். லேசர் ஓடும்வரை கேமராவை ஆட்களை நோக்கித் திருப்புங்கள், மேடையை நோக்கி வேண்டாம்.

பேட்டரியில் குறை சொல்ல முடியாது. 2280 எம்ஏஎச், 12 மணி நேரக் கல்யாணத்துக்கு பாடிக்கு மூன்று தாராளம். லேயில் குளிர் அதிகம் என்றால் உதிரியைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

லாஸ்லெஸ் ராவ் ஒன்று 40 எம்பி அளவுக்கு வரும், 128 ஜிபி கார்டில் சுமார் 3000 படம். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே படம் பதிய வேண்டும். இரண்டு எஸ்எஸ்டியில் நகல் ஏறும்வரை எந்தக் கார்டையும் ஃபார்மட் செய்யக் கூடாது. இரண்டு பாடியின் கடிகாரத்தையும் நொடிவரை ஒன்றாக்க, காலையில் இரண்டாலும் ஃபோன் கடிகாரத்தை ஒரு படம் எடுங்கள். இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான படத்தை வரிசைப்படுத்துவதில் ஒரு நாள் போய்விடும்.

தோள் ஹார்னஸில் ஒரு பலவீனம். நடக்க நடக்க பாடி ஆடுவதால் அடியில் உள்ள திருகு மெல்லத் தளரும். ஓட்டத்தில் ஒரு நாளிலேயே அரைச் சுற்று கழன்றுவிடும். காலையில் ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை விரலால் திருகிப் பாருங்கள், கூடவே பாடியின் ஸ்ட்ராப் வளையத்தில் ஒரு சேஃப்டி கயிறும் இருக்கட்டும்.

இன்று புதிதாக இந்தப் பையைக் கட்டினால் 35-ஐயும் 24-70-ஐயும் முதலில் வாங்கலாம். 70-200-ஐ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் இரண்டாவது பாடி வருவது நல்லது.