ஜிப்ஸியை ஒரு இஞ்ச் தூக்கினேன்: நாலு வருஷ அனுபவம்

2021 ஆகஸ்ட்டில், என்னுடைய 2010 மாடல் மாருதி ஜிப்ஸி கிங்குக்கு வீட்டுப் போர்டிகோவிலேயே நீளச் சாக்கிள் மாட்டினேன். அச்சைத் தாங்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் வளைந்த இரும்புப் பட்டைதான் கமான் பட்டை. அதன் ஒரு முனையைச் சேசிஸில் தொங்கவிடும் ஜோடித் தகடுதான் சாக்கிள். சாக்கிளை நீளமாக மாற்றினால் வண்டி உயரும். மாட்டிய வாரமே இதை எழுதியிருந்தால் அஞ்சுக்கு அஞ்சு கொடுத்திருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை.

தேவை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாண்டிக்குடிக்கு மேலே மாமனாருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. தார் ரோடு முடிந்து கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. அதில் ஓடைக்குச் சற்று முன்னால் ஒரு கல் முண்டிக்கொண்டு நிற்கும். போகும்போதும் வரும்போதும் சைலன்ஸர் குழாயில் ணங்கென்று ஒரு அடி.

வாங்கிய சாக்கிள் பழையதைவிட 2 இஞ்ச் நீளம். வண்டியும் 2 இஞ்ச் உயரும் என்று நினைத்தேன். ஆனால் பட்டையின் மறுமுனை சேசிஸோடு அசையாமல் நிற்கிறது, அச்சு நடுவில் இருக்கிறது. அதனால் பாதிதான் கிடைக்கும். டேப் பிடித்துப் பார்த்ததில் முன்னால் 26 மில்லிமீட்டர், பின்னால் 23. கடைக்காரர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாட்டுவது கஷ்டமில்லை, கழற்றுவதுதான் கஷ்டம். முந்தின ராத்திரியே எல்லா போல்ட்டிலும் டீசல் ஊற்றி ஊறவைத்தும், பின் சக்கரத்தின் இடதுபக்கத்து போல்ட் மட்டும் புஷ்ஷோடு (போல்ட்டைச் சுற்றி நிற்கும் குழல்) ஒட்டிப்போய் அசைய மறுத்தது. ஆக்ஸா பிளேடால் முக்கால் மணி நேரம் அறுத்தோம். சேசிஸுக்கு ஜாக் ஸ்டாண்டு கொடுத்து, அச்சுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக் வையுங்கள். அச்சை நூல் நூலாக ஏற்றி இறக்கினால்தான் ஓட்டை நேருக்கு நேர் வரும். எங்களிடம் இருந்தது ஒரே ஜாக். மச்சான்தான் கடப்பாரையால் நெம்பிப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினான்.

நான் செய்த முதல் தப்பு இங்கேதான். பட்டையின் மறுமுனையில் ரப்பர் புஷ். அந்த போல்ட்டைச் சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் எடை இறங்கிய பிறகே கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். மூன்று சக்கரத்துக்குச் சரியாகச் செய்தேன். இருட்டிவிட்டதால் நாலாவதை அந்தரத்திலேயே இறுக்கிவிட்டேன். எட்டு மாதத்தில் கிழிந்தது அந்த ஒரு புஷ் மட்டும்தான்.

மறுநாள் வத்தலகுண்டு ரோட்டில் 70-ஐத் தொட்டதும் வண்டி நாய்க்குட்டி மாதிரி மோந்து மோந்து போக ஆரம்பித்தது. வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வரவில்லை. ஜிப்ஸியில் முன் சாக்கிள் பட்டையின் முன் முனையில் இருக்கிறது. அந்த முனை இறங்கினால் அச்சின் தலை முன்னால் கவிழும், காஸ்டர் கோணம் (ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பிவர உதவும் பின்சாய்வு) குறையும். 2 இஞ்ச் நீளத்துக்குச் சுமார் 3 டிகிரி போய்விடுகிறது. இருப்பதே மூணரை டிகிரிக்குப் பக்கம்தான். பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மாட்டு வண்டியா ஆக்கிட்டீங்க?" என்றார்.

இதற்கு மருந்து, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் 3 டிகிரி இரும்பு ஆப்பு. அலுமினியம் வாங்காதீர்கள், நசுங்கும். தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். நான் திருப்பி வைத்துவிட்டேன்! அன்றைக்கு 40-ல் வந்த ஆட்டத்தில் பல்லே கிட்டித்துப்போனது. மறுபடி கழற்றி, அச்சைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட் நாலும் புதுசு போட்டு, 500 கிலோமீட்டரில் ஒருதரம் இறுக்கிய பிறகுதான் ஸ்டீரிங் ஒழுங்குக்கு வந்தது. அலைன்மென்ட், ஸ்டீரிங் நடுவைச் சரிசெய்ய டிராக் லிங்க் (ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) திருகல் எல்லாம் தனிச் செலவு.

அடுத்தது ஷாக் அப்சார்பர். பழைய ஷாக் நீளம் போதாமல், வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் டொக் என்று இழுத்து நின்றது. நீளமான ஷாக் போட்டேன், சத்தம் போனது. ஆனால் அதுவரை அச்சு அளவுக்கு மேல் தொங்காமல் பிடித்துவைத்ததே அந்தப் பழைய ஷாக்தான். சேசிஸை ஜாக்கில் தூக்கி முன் அச்சை முழுசாகத் தொங்கவிட்டால், பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. லேத் பட்டறையில் எல் வடிவத்தில் ஒரு கிளாம்ப் அடித்து, ஹோஸ் பிடிப்பை ஒரு இஞ்ச் கீழே இறக்கினேன். இதை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் பிரொப்பல்லர் ஷாஃப்டில் 65-க்கு மேல் மெல்லிய அதிர்வு இருந்துகொண்டே இருந்தது. பதினாலாவது மாதம் அதன் கிராஸை (ஷாஃப்ட் மடங்கிச் சுற்ற உதவும் மூட்டு) மாற்றினேன். முன் ஷாஃப்ட் பிழைத்துக்கொண்டது, முன் சக்கர ஹப்பை ஃப்ரீயில் விட்டால், அதாவது சக்கரத்தை அச்சின் சுழற்சியிலிருந்து பிரித்துவிட்டால், ரோட்டில் அது சுற்றுவதே இல்லையே. சாக்கிளில் இருந்த பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு மாதம் ஒருதரம் கிரீஸ் அடிக்காவிட்டால் கிரீச் கிரீச் என்று தெருமுனையிலேயே நான் வருவதை வீட்டுக்குச் சொல்லிவிடும்.

ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சாக்கிள் தூக்குவது உடம்பைத்தான். அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும், அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். 205/70 ஆர்15-லிருந்து 215/75 ஆர்15-க்குப் போனதில் எனக்கு அங்கே 18 மில்லிமீட்டர் கூடியது. காட்டில் உண்மையிலேயே உதவியது இதுதான். ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் வண்டி 63-ல் போகிறது, அவ்வளவுதான் தொந்தரவு.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதற்குக் கெடுபிடி அதிகம். மாட்டும்போது நான் இதைக் கண்டுகொள்ளவில்லை. 2025-ல் 15 வருஷப் பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்ததும் சாக்கிளை, ஆப்பை, டயரை எல்லாம் பழையபடி மாற்றினேன். கிரீஸ் குடித்திருந்த போல்ட்டுகள் மூன்று மணி நேரத்தில் கழன்று வந்தன.

அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போனேன். ஸ்டீரிங் வெண்ணெயாகத் திரும்பியது. ஓடைக்கு முன்னால் அதே இடத்தில் அதே ணங். தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் ஓடிவந்து குனிந்து பார்த்துவிட்டு, "மாப்ள, இந்தக் கல்லுக்காகவா இத்தன நாளா வண்டியத் தூக்குனீங்க?" என்றார். இரண்டு கடப்பாரை, அரை மணி நேரம். கல் இப்போது களத்துமேட்டில் கிடக்கிறது. மதியம் அதன்மேல் உட்கார்ந்துதான் அவர் சாப்பிடுகிறார்.