பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு மெதுவாக: மோபெஜ் வழியா, லீல் வழியா?

யூரோஸ்டார் அதிவேக ரயிலில் பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போக 1 மணி 22 நிமிடம். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கட்டித்தந்த இடியப்பம் ஆறுவதற்குள் பெல்ஜியத்தில் இறங்கிவிடலாம். வேகத்தில் அதோடு போட்டியே இல்லை. தொல்லை விலையில்தான். பல வாரம் முன்பே எடுத்தால் மலிவு, நாளைக்குப் போக இன்றைக்கு எடுத்தால் அதன் மூன்று நான்கு மடங்கு. அக்கா பிரஸ்ஸல்ஸில் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் பல வாரம் முன்பே முடிவு செய்வதில்லை.

இடையில் இன்னொன்று உண்டு. 2024 டிசம்பரில் பிரெஞ்சு ரயில்வேயின் மலிவுவிலைப் பிரிவான விகோ பழைய பாதையில் ஒரு மெதுவான நேரடி ரயிலை விட்டது. ஏறக்குறைய 3 மணி நேரம். தொடங்கியபோது டிக்கெட் 10 யூரோவிலிருந்து 59 யூரோ வரை என்று அறிவித்தார்கள். பழைய 'கொராய்' வகை ரயில் பெட்டிகள், இருக்கைகள் நன்றாகவே இருக்கின்றன. நாள் முன்கூட்டியே தெரியும், வண்டி மாற விருப்பமில்லை என்றால் அதையே எடுங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டாம். ஆனால் நாளுக்கு ஓடுவது சிலதான், டிக்கெட்டும் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும். பெரிய பெட்டி கொண்டுபோனால் தனிக் கட்டணம். அக்கா வீட்டுக்குப் பெரிய பெட்டி இல்லாமல் போன தமிழனை எனக்குத் தெரியாது.

மிச்சமிருப்பது உள்ளூர் வண்டிகளைக் கோத்துக்கொண்டு போவது. பிரான்ஸ் பக்கம் 'டெர்' என்கிற மாகாண ரயில்கள், பெல்ஜியம் பக்கம் அந்நாட்டின் சாதாரண ரயில்கள். முன்பதிவு இல்லை. மூன்று மாதம் முன் வாங்கினாலும் மூன்று நிமிடம் முன் வாங்கினாலும் ஒரே விலை. இதற்கு வழி இரண்டு. ஒன்று பிரான்ஸின் மோபெஜ், பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா வழி. மற்றது பிரான்ஸின் அமியான், லீல், பெல்ஜியத்தின் தூர்னே வழி.

வரைபடத்தைப் பார்த்தால் மோபெஜ்தான் சரி. பாரிஸிலிருந்து நேராக வடகிழக்கே ஒரு கோடு, இரண்டே மாற்றம். லீல் வழி சுற்று, மூன்று மாற்றம். நானும் முதல் தடவை மோபெஜ் வழியாகத்தான் கிளம்பினேன்.

மோபெஜில் இறங்கினேன். எல்லை தாண்டும் வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஊரில் பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளர் வோபான் கட்டிய 17-ஆம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர்கள் இருக்கின்றன. மோன்ஸ் வாசல் என்று ஒரு கோட்டை வாயில், செங்கல்லும் கல்லுமாக, அகழியோடு. சும்மா உட்காருவானேன் என்று பெட்டியை இழுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அது ஊரின் மறுகோடியில். திரும்பி வரும்போது பெட்டியின் ஒரு சக்கரம் கல் பாவிய தெருவில் கழன்றுவிட்டது. நடைமேடைக்கு வந்தபோது வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு தெரிந்தது. குற்றம் முழுக்க என்னுடையதுதான். அடுத்த வண்டி எப்போது என்று பலகையைப் பார்த்தேன். மாலையில்.

இந்த மாதிரிப் பயணத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று அந்தப் பலகையின் கீழ் நின்றபோது புரிந்தது: எல்லையில் வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது? மொத்த நேரம், எத்தனை மாற்றம், என்ன விலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏனென்றால் கோத்த டிக்கெட்டுக்குப் பாதுகாப்பு கிடையாது. 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட் இருந்து, ஒரு வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரயில்காரர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டாக நீங்களே கோத்திருந்தால் அந்த உரிமை இல்லை. அவர்களுக்கு அது மூன்று தனிப் பயணம். அதனால் ஒவ்வொரு மாற்றத்திலும் உங்கள் காப்பீடு, பின்னால் வரும் அடுத்த வண்டி மட்டுமே.

மோபெஜில் அந்தக் காப்பீடு மெலிசு. இந்த எல்லைத் துண்டில் 2012-இல் பயணிகள் ரயிலையே நிறுத்திவிட்டார்கள். 2018 டிசம்பரில்தான் மறுபடி வந்தது, அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு. பாரிஸ் பக்கமிருந்து மோபெஜ் வரை ஒழுங்காக வண்டி உண்டு. ஷார்ல்ருவாவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கும் தாராளமாக உண்டு. நடுவில் இருக்கும் அந்தச் சின்னத் துண்டில்தான் சங்கிலி அறுந்து தொங்குகிறது.

லீலில் கதை வேறு. பிரான்ஸின் லீல், பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க், தூர்னே மூன்றும் எல்லைக்கு இருபுறமும் ஒட்டிக் கிடக்கிற ஊர்கள். வேலைக்கும் படிப்புக்கும் தினமும் ஆட்கள் எல்லை தாண்டுகிறார்கள். 2008-இல் மூன்றையும் சேர்த்து ஒரு கூட்டு அமைப்பையே உண்டாக்கினார்கள். ஆகவே லீல் ஃப்லாந்தர் நிலையத்திலிருந்து பகலில் ஏறக்குறைய மணிக்கு ஒரு வண்டி தூர்னேவுக்கு, இன்னொன்று கோர்ட்ரெய்குக்கு. இரண்டு ஊரிலிருந்தும் பிரஸ்ஸல்ஸ் போகலாம். ஒன்று போனால் இன்னொன்று.

இதை நான் அன்றைக்கே கண்டுகொண்டேன். மாலைவரை காத்திருக்க மனமில்லாமல் மோபெஜிலிருந்து ஓல்னுவா, வலான்சியென் வழியாக லீலுக்கே போய்ச் சேர்ந்தேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான். நடுவில் அத்தான் போன் பண்ணினார். "எங்க நிக்கிறீர்?" என்றார். லீல் என்றேன். "நேற்றுக் கிளம்பினீரோ?" என்றார்.

அதற்குப் பிறகு நான்கு தடவை போய்விட்டேன், எல்லாமே லீல் வழி. காத்திருப்பு உட்பட ஐந்தரை மணி நேரம் பிடிக்கிறது. நீளம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு தடவைகூட நேரத்தைப் பார்த்து ஓடவில்லை. அமியானில் இறங்கி மேற்கூரை உயர்ந்த அந்தப் பேராலயத்தைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் அடுத்த வண்டியில் ஏறினேன். அமியானுக்கும் லீலுக்கும் இடையில் ஆல்பேர் என்ற சிற்றூரில், கோபுர உச்சியில் குழந்தையைத் தூக்கிப் பிடித்த தங்க நிற மாதா. முதல் உலகப்போரில் குண்டடிபட்டுச் சாய்ந்து தொங்கிய சிலைக்குப் பதிலாகப் பின்னாளில் வைத்தது. லீல் ஃப்லாந்தரின் முகப்பையும் நின்று பாருங்கள். அது பாரிஸுடையது. நாம் பாரிஸில் கிளம்பும் கார் து நோர் இருக்கிறதே, 1846-இல் திறந்த அதன் முதல் கட்டடம் சில வருடங்களிலேயே போதாமல் போக, முகப்பைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்தால் கிளம்பிய நிலையத்தின் பழைய முகமே எதிரில் நிற்கிறது.

எல்லை வண்டி பெரும்பாலும் தொண்ணூறுகளின் பெல்ஜிய ரயில். முன்முகத்தைச் சுற்றித் தடித்த கறுப்பு ரப்பர் வளையம், சைக்கிள் டயரைக் கழுத்தில் மாட்டிய மாதிரி. இரண்டு வண்டிகளை இணைக்கும்போது ஓட்டுநர் அறையே கதவு போல ஒதுங்கி, ஆட்கள் நடக்க வழி விடும். பிரான்ஸில் மின்சாரம் 25,000 வோல்ட், பெல்ஜியத்தில் 3,000. மாறுகிற இடத்தில் ஒரு நிமிடம் இரைச்சல் அடங்கி, வண்டி சத்தமில்லாமல் உருளும். எல்லை தாண்டியதற்கு அதுதான் அடையாளம். தூர்னேயில் ஏறிய பிறகு அறிவிப்பு பிரெஞ்சில் வரும், ஹால்லே பக்கம் டச்சுக்கு மாறும், பிரஸ்ஸல்ஸில் இரண்டிலும். கோர்ட்ரெய்க் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பலகையில் லீல் என்று தேடாதீர்கள், அதன் டச்சுப் பெயரான 'ரெய்சல்' என்று போட்டிருக்கும்.

வதிவிட அட்டையும் கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும். எல்லையில் கதவு இல்லாவிட்டாலும் பொலிஸ் ஏறிப் பார்ப்பதுண்டு.

நான் போனதெல்லாம் வாரநாள், காலையில். ஞாயிற்றுக்கிழமை, வேலைநிறுத்த நாள், இரவுப் பயணம் எதிலும் இதைப் பரீட்சித்ததில்லை. மோபெஜையும் ஒரு தடவை போய்த்தான் சொல்கிறேன், அதுவும் சக்கரம் கழன்ற கோபத்தோடு. அந்த எல்லை வண்டிக்குச் சரியாக நேரம் அமைந்து, ஊர் பார்க்கும் ஆசையும் இல்லையென்றால், ஒரு மணி நேரமாவது மிச்சமாகும்.

அடுத்த மாதம் அக்கா மகளுக்குப் பிறந்தநாள். கேக் லாச்சப்பலில் சொல்லியாயிற்று, மூன்று தட்டு. அதைத் தூக்கிக்கொண்டு நான்கு வண்டி ஏறி இறங்க முடியாது. அன்றைக்கு மட்டும் விகோ.