ஈஸ்ட்ரியோல் 0.1% கிறீம்: கோடுவரைக்கும் போதும்

மாதவிடாய் நின்றபின் யோனி வறண்டு எரிகிறதென்று நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பூசிக் களைத்தவர்களுக்கு இந்தக் கிறீமைத் தயங்காமல் சொல்லலாம். எண்ணெய் வழுக்கலை மட்டுந்தான் தரும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்து மெலிந்துபோன உட்தோலைத் திரும்பத் தடிக்க வைப்பது, அதே வகை ஹோர்மோன் உள்ள இந்த மருந்து. தோல் தேற, அமிலத்தன்மையும் நல்ல பக்ரீரியாவும் திரும்பும். அடிக்கடி வரும் சலக்கடுப்பும் குறையும். "வயசு போனால் உப்பிடித்தான்" என்று பொறுத்துக்கொண்டிருக்கத் தேவையே இல்லை.

ரியூப்போடு வரும் பிளாஸ்ரிக் குழாயில் ஒரு வளையக் கோடு இருக்கும். குழாயை ரியூப் வாயில் திருகி, உள்தண்டு அந்தக் கோட்டுக்கு வரும்வரை ரியூப்பை மெல்ல அமத்துங்கோ. அது 0.5 கிராம் கிறீம், மருந்து 0.5 மில்லிகிராம். முழுக் குழாயையும் நிரப்பினால் குணம் கெதியாக வராது. மிச்சம் உள்ளாடையில் வடியும், மார்பு நோவும் வரலாம். படுக்கப்போகும்போது மல்லாந்து முழங்காலை மடித்து உள்ளே விட்டுத் தண்டைத் தள்ளுங்கோ. பிறகு தண்டைக் கழற்றி இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவுங்கோ, கொதிநீர் வேண்டாம்.

முதல் 2 - 3 கிழமை ஒவ்வொரு இரவும், பிறகு கிழமைக்கு 2 தரம். தொடக்கத்தில் கொஞ்சம் எரியலாம். தோல் மெலிந்திருப்பதே காரணம். முழுப் பலன் தெரிய 12 கிழமையும் ஆகலாம். ரியூப் முடிந்ததும் விட்டுவிட்டால் வறட்சி திரும்பிவிடும். உறவுக்குச் சற்று முன்னர் பூசுகிற சாமானும் இதுவல்ல. அதற்குத் தண்ணீர் சார்ந்த ஜெல் தனியாக வேணும்.

பெட்டிக்குள் இருக்கும் தாளை வாசித்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்த எச்சரிக்கைகளில் பெரும்பகுதி விழுங்கும் ஹோர்மோன் வில்லைகளின் ஆய்வுகளிலிருந்து வந்தது. இந்த அளவில் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், முக்கியமாக அதற்காக ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெற்றோசோல், அனஸ்ரசோல் வில்லைகள் எடுப்பவர்கள், தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் தங்களைப் பார்க்கும் புற்றுநோய் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு துளி இரத்தம் கண்டாலும் முதலில் பரிசோதனை, பிறகுதான் கிறீம்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்கில் காட்டித் துண்டு எழுதுவித்தால், பாமசியில் நாலு பேருக்கு முன்னால் வாய்திறந்து விளக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் குழாய் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கோ. 25 பாகைக்குக் கீழே வைக்க வேண்டிய மருந்து. சித்திரை வெயிலுக்கு பிரிஜ் கதவுத்தட்டு நல்லது, உறைய மட்டும் விடாதேங்கோ.