கதவு மூடியிருந்தும் நின்றுபோன ஓவன்: ஐந்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

சமையலறை அலமாரிக்குள் பொருத்தும் வகை மின் ஓவன் இது. வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சூடு எல்லா மூலைக்கும் சீராகப் பரவுகிறது, கதவுக் கண்ணாடியைத் துடைப்பது எளிது, குமிழ்கள் இன்னும் தளரவில்லை. சென்ற ஆண்டுவரை கேட்டிருந்தால் தயங்காமல் நான்கு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

பிறகு ஒரு நாள், ஓடத் தொடங்கி இருபது நிமிடத்தில் விசிறியும் சூடும் ஒன்றாக நின்றன. கதவு மூடித்தான் இருந்தது. கதவின் மேல்விளிம்பை உள்ளங்கையால் தட்டியதும் மீண்டும் ஓடியது. ஆறியபின் போட்டுப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

சேவை மையத்திலிருந்து வந்த டெக்னீசியன் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. "கண்ட்ரோல் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தட்டினால் ஓடுகிறது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

நான் தையல் இயந்திரம் பழுதுபார்ப்பவன். தட்டினால் ஓடும் எதிலும் முதலில் இணைப்பைத்தான் சந்தேகிப்பேன். ஆனாலும் தொடக்கத்தில் தவறான இடத்தில் தேடினேன். கதவு மூடும்போது அழுந்தி ஓவனை ஓடவிடும் சுவிட்ச் ஒன்று உண்டு. கீல் தொய்ந்து, கதவு அந்தச் சுவிட்சைச் சரியாக அழுத்தவில்லை என்று நினைத்தேன். கதவின் நான்கு பக்கமும் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இறுகப் பிடித்தது. சுவிட்சின் முனையை மரக்கரண்டிக் காம்பால் அழுத்தினேன். "கிளிக்" என்ற ஒலி தெளிவாகக் கேட்டது.

வழி காட்டியவர் என் மனைவி. மறுபடி நின்றபோது கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "ஏங்க, கதவைத் திறந்தால் விளக்கு எரியும் அல்லவா? இப்போது எரியவில்லையே?" என்றார்.

அந்தக் கேள்வியில் பாதிப் பழுது பிடிபட்டுவிட்டது. எங்கள் ஓவனின் கதவு சுவிட்சில் மூன்று டெர்மினல்கள், அதாவது ஒயர் மாட்டும் முனைகள். நடுவில் பொது முனை. சுவிட்ச் அழுந்தியிருந்தால் மின்சாரம் ஒரு பக்கம் போய் விசிறியையும் சூட்டுக் கம்பியையும் இயக்கும். விடுபட்டால் மறுபக்கம் போய் விளக்கை எரியவைக்கும். கதவு சரியாக அழுத்தாததுதான் காரணமென்றால் விளக்கு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை என்றால் சுவிட்ச் அழுந்தியபடியே இருக்கிறது, ஆனால் மின்சாரம் விசிறிப் பக்கம் கடக்கவில்லை. கதவுக்கும் கீலுக்கும் இதில் தொடர்பே இல்லை. எல்லா ஓவனிலும் விளக்கு இப்படி இணைக்கப்பட்டிருக்காது. சிலவற்றில் போர்டே அதைக் கட்டுப்படுத்தும். ஆகவே உங்கள் ஓவனின் இணைப்புப் படத்தைப் பார்த்துவிட்டு இந்தச் சோதனையை நம்புங்கள்.

மெயின் இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் இல்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்தபின், இருவர் சேர்ந்து ஓவனை வெளியே இழுத்தோம். குமிழை அணைத்து வைத்தால் போதாது, உள்ளே சில முனைகளில் மின்சாரம் இருக்கும். ஒயர்களைப் படம் எடுத்துக்கொண்டு, ஒயர் நுனியிலுள்ள இணைப்பானைப் பிடித்துக் கழற்றினேன். பொது முனையின் இணைப்பான் பழுப்பேறி, தொளதொளவென்று வந்தது.

மல்டிமீட்டரை, மின்பாதை இணைந்திருந்தால் ஒலிக்கும் பீப் நிலையில் வைத்தபோது சுவிட்ச் நன்றாக இருப்பதாகத்தான் காட்டியது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில பத்து ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் அடிக்கும். ஓம் அளவுக்கு மாற்றி இருபது முறை அழுத்தி விட்டேன். சில முறை 0.3 ஓம், சில முறை 8, ஒரு முறை 30. விளக்குப் பக்கம் மட்டும் ஒவ்வொரு முறையும் நிலையாக இருந்தது. நல்ல சுவிட்ச் அழுந்தும்போது பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். 10 ஆம்பியர் ஓடும் இடத்தில் 1 ஓம் தடை இருந்தால் அந்தப் புள்ளியிலேயே 100 வாட் சூடு பிறக்கும். இணைப்பான் பழுப்பேறியதும், சுவிட்சுக்குள் மின்சாரம் கடக்கும் தொடுமுனை கருகியதும் அதனால்தான். ஸ்பிரிங் நன்றாக இருந்ததால் கிளிக் ஒலி கேட்டது. தொடுமுனையின் நிலையை அந்த ஒலி சொல்லாது.

சுவிட்சோடு இணைப்பானையும் மாற்றினேன். பழுப்பேறிய இணைப்பானை அப்படியே மாட்டினால் புதிய சுவிட்சும் சீக்கிரமே கருகும். பழையதில் 16 ஆம்பியர், டி125 என்று பொறித்திருந்தது. டி125 என்றால் 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று பொருள். அதே அளவு, கதவு அழுத்தும் முனையின் அதே நீளம், 6.3 மில்லிமீட்டர் டெர்மினல் பார்த்து வாங்கினேன். எட்டு மாதமாக ஒருமுறையும் நிற்கவில்லை. போர்டு பழையதேதான்.

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதன் மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அதன் கதவு சுவிட்சுகள் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கானவை. பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிடுங்கள்.

ஓவனுக்கு மூன்றரை நட்சத்திரம். இவ்வளவு நல்ல பொருளில், ஒரு சின்ன சுவிட்சைத் தொட முழு ஓவனையும் வெளியே இழுக்க வைத்ததற்காக அரை நட்சத்திரத்தைக் குறைத்தேன். சேவைக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் சொன்ன நேரத்துக்கு வந்ததற்காக.